அப்பா அடித்த நாற்பத்தொரு கோல்

டெரிக் கூப்பிட்டபோது நிஷாந்தன் முழங்காலில் ஐஸ் பொதியைக் கட்டிக்கொண்டு வட லண்டன் எட்மண்டன் வீட்டுச் சோபாவில் கிடந்தான். வயது முப்பத்தைந்து. பதினெட்டு வருடமாக ஈஸ்ட் லண்டன் ஹெரன்ஸ், அதாவது கொக்குகள், என்கிற ஐஸ் ஹொக்கிக் குழுவுக்கு இடது ஓரத்தில் விளையாடுகிறவன். ஓரத்துக்காரன் என்றால், பனித்தரையின் கரையை ஒட்டிப் பறந்து, நடுவில் நிற்கிறவர்கள் மூக்கைச் சொறிந்து முடிப்பதற்குள் ரப்பர் வட்டைக் கொண்டுபோய் வலைக்குள் தள்ள வேண்டியவன். அந்த வேலையை அவன் ஒரு குறையுமில்லாமல் செய்தான். முழங்கால் போனதுதான் மிச்சம். ஜனவரியில் பயிற்சியாளர் தோளில் கையைப் போட்டு, இந்தப் பருவத்தோடு போதும் என்று சொல்லிவிட்டார்.

டெரிக் குழுவின் பதிவேடுகளைப் பார்க்கிறவர். ஓய்வுபெற்ற தபால்காரர். யார் எந்த வருடம் எத்தனை கோல் அடித்தான் என்று கேட்டால் தன் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளைவிட வேகமாகச் சொல்லுவார். குழு தொடங்கி ஐம்பது வருடம் ஆகிறதென்று இப்போது ஒரு மலர் தயாரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு உதவி வேண்டும், நிஷ். 2007-08இல் ஒருவர் விளையாடியிருக்கிறார். ஒரே பருவத்தில் நாற்பத்தொரு கோல். அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. பெயரைப் பார்த்தால் உங்கள் ஆள்போல இருக்கிறது. இப்போது எங்கே இருக்கிறார் தெரியுமா?"

"என்ன பெயர்?"

டெரிக் பெயரைத் துண்டு துண்டாக வெட்டி வாசித்தார். விஜ. யரத். தினம். பிறந்தது 1959.

நிஷாந்தன் எழும்பி உட்கார்ந்தான். ஐஸ் பொதி வழுகி நிலத்தில் விழுந்தது.

"அது என் அப்பா."

"அப்பாவும் மகனும் ஒரே குழுவிலா? நாற்பத்தெட்டு வயதில் நாற்பத்தொரு கோலா? நிஷ், எங்கள் வரலாற்றிலேயே வயது கூடிய கோல்காரர் அவர்தான். ஒரு முழுப் பக்கம் ஒதுக்கப் போகிறேன்."

"டெரிக், என் அப்பா பனித்தரையில் காலே வைத்ததில்லை. அந்த நாற்பத்தொன்றும் நான் அடித்தது."

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது. உன்னுடைய பதிவு 2008 செப்டெம்பரில்தான் தொடங்குகிறது என்றார் டெரிக். முந்நூற்று எழுபத்தாறு கோல்.

அப்போதுதான் நிஷாந்தனுக்கு எல்லாம் விளங்கியது. குழுவின் சாதனை நானூற்றுப் பன்னிரண்டு. எண்பதுகளில் ஒரு கனடாக்காரன் வைத்துவிட்டுப் போனது. தன் கணக்கில் நானூற்றுப் பதினேழு என்று நிஷாந்தன் நினைத்திருந்தான். சாதனையை நவம்பரிலேயே முறியடித்துவிட்டேன் என்று நம்பி, யாராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்திருந்தான். ஒருவரும் மூச்சு விடவில்லை. வீட்டுக்கு அனுப்பப் போகிறவனுக்கு மாலை எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போல என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு, வெட்கத்தில் கேட்காமலும் இருந்துவிட்டான். நாலு மாதம் வயிறெரிந்தது இந்த மடைத்தனத்துக்குத்தான்.

சரி, இது எப்படி நடந்தது? அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். விஜயரத்தினம் சுவிஸிலிருந்து குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து இறங்கிய வருடம் அது. பேர்ண் பக்கத்து ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்து ஐஸ் ஹொக்கி பழகிய பெடியன், வந்த கிழமையே இங்கே ஒரு குழுவைத் தேடிப் பிடித்தான். பதினேழு வயது, அதனால் தகப்பன் படிவம் நிரப்ப வேண்டும். விஜயரத்தினம் தன் வாழ்நாளில் நிரப்பிய படிவம் எல்லாம் ஒரே மாதிரியானவை. அகதி விண்ணப்பம், வதிவிட விண்ணப்பம், கவுன்சில் வீட்டு விண்ணப்பம். எல்லாவற்றிலும் முதலில் குடும்பத் தலைவர், கீழே அவரை நம்பியிருப்பவர்கள். மனிதர் பழக்க தோஷத்தில் மேலே தன் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதி, கீழே கடைசிக் கட்டத்தில் மகனின் பெயரை எழுதினார். கடைசிக் கட்டம், விபத்து நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்கிற கட்டம். அப்போதெல்லாம் குழுவில் ஒருவரும் படிவத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பத்தொன்பதாம் இலக்கம் கோல் அடித்தது என்று குறிப்பார்கள், பிறகு இலக்கத்துக்கு நேரே பெயரை எழுதுவார்கள். அந்தப் பெயர் விஜயரத்தினம். அடுத்த வருடம் பதினெட்டு ஆனதும் நிஷாந்தன் தானே சரியாக நிரப்பினான், பழையதை யார் போய்ப் பார்த்தார்கள்?

"திருத்தலாம்," என்றார் டெரிக். "பதிவிலுள்ளவர், அது நான் அல்ல, படிவத்தில் பிழை நடந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டும். கடைசி மாட்ச் இன்னும் மூன்று கிழமையில் சனிக்கிழமை. அதற்கு முந்திய வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. அதற்குள் தந்தால் சாதனைக்கு மரியாதையாக உன் பத்தொன்பதாம் இலக்கச் சட்டையை அன்றைக்கே கூரையில் ஏற்றிவிடுவோம்."

ஐம்பது வருடத்தில் அந்தக் கூரையில் ஏறியது ஒரேயொரு சட்டை. கனடாக்காரனுடையது. ஒவ்வொரு மாட்சுக்கு முன்னும் தலைக்கவசத்தைக் கட்டும்போது நிஷாந்தன் அண்ணாந்து அதைத்தான் பார்ப்பான். வெளியே போகிறவனுக்கு வேறென்ன மிஞ்சப் போகிறது? ஒரு கையெழுத்துத்தானே, இன்றைக்கே வாங்கிவிடலாம் என்று நினைத்தான். தகப்பனோடு முப்பத்தைந்து வருடம் பழகியும் அப்படி நினைத்தான் பாருங்கள், அதைத்தான் சொல்ல வேண்டும்.

*

விஜயரத்தினம் ஈஸ்ட் ஹாமில் குளிர்பெட்டி திருத்துகிறவர். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எந்தப் பலசரக்குக் கடையிலும் மீன்பெட்டி இளகினால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கும் ஒரு கடையின் பின்பக்கத்தில், உறையவைத்த விளைமீன் பெட்டிகளுக்கு நடுவே தலையை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"அப்பா, ஒரு கையெழுத்து வேணும்."

"என்னத்துக்கு?"

நிஷாந்தன் சொன்னான். கேட்கக் கேட்க விஜயரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. "அப்ப உன்ர கொக்குக் கூட்டத்திலை நானும் ஒரு கொக்கோ?" என்றார். கையைத் துணியில் துடைத்து, கடிதத்தை வாங்கி, எட்டப் பிடித்து வாசித்தார். வாசித்து முடிக்கும்போது சிரிப்பைக் காணவில்லை.

"இதிலை நான் பிழை விட்டன் எண்டு கிடக்கு."

"விட்டனீங்கள்தானே?"

"ஓம், விட்டன்."

"பிறகென்ன? வையுங்கோ கையெழுத்தை."

"விட்டது வேறை. விட்டன் எண்டு எழுதிக் குடுக்கிறது வேறை." கடிதத்தை மடித்து மகனின் சட்டைப் பைக்குள் வைத்தார். "நான் வைக்கமாட்டன்."

"ஏன் அப்பா?"

"ஒரு பேப்பரிலை பிழை விட்டன் எண்டு நானே ஒத்துக்கொண்டால், மற்றப் பேப்பருகளிலை விடேல்லையோ எண்டு கேக்கமாட்டாங்களோ?"

"ஆர் கேக்கிறது?"

"கேக்கிறவங்கள் கேப்பாங்கள்."

"இது ஐஸ் ஹொக்கி அப்பா. குரோய்டன் குடிவரவுக் கந்தோர் இல்லை."

"எல்லாக் கொம்பியூட்டரும் ஒண்டோடை ஒண்டு தொடுத்துத்தான் கிடக்கு," என்று சொல்லிவிட்டு விஜயரத்தினம் மறுபடி இயந்திரத்துக்குள் தலையை விட்டார்.

நிஷாந்தன் அங்கேயே நின்று கெஞ்சினான். விளக்கினான். சுவிஸ் கடவுச்சீட்டும் இங்கத்தை நிரந்தர வதிவிடமும் உள்ள மனிதரை ஒரு விளையாட்டுக் கழகம் என்ன செய்யும் என்று கேட்டான். குறடு மட்டும் ஒருதரம் வெளியே நீண்டு, "அந்தச் சின்ன ஸ்பனரைத் தா," என்றது. கொடுத்துவிட்டு வந்தான். மண்டை காய்ந்துபோயிருந்தது.

அவனுக்குக் காரணம் தெரியாமலில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. விஜயரத்தினமும் தமையன் செல்வரத்தினமும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வெளிக்கிட்டார்கள். ஐரோப்பாவில் முதலில் இறங்கிய நாட்டில் இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்து விசாரித்தார்கள். வீடு எரிந்தது எந்த மாதம் என்ற கேள்விக்கு செல்வரத்தினம் முதல்தரம் ஆனி என்றார். இரண்டாம்தரம் கேட்டபோது ஆடி என்றுவிட்டார். பயத்தில் நாக்கு மாறிவிட்டது. முதலில் சொன்னது பிழை, மன்னியுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். அந்தக் கையெழுத்தையே காட்டி, இவர் சொல்வதை நம்ப முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமையனின் முகத்தை விஜயரத்தினம் பிறகு பார்க்கவேயில்லை. பத்து வருடத்துக்கு முதல் வவுனியாவில் அவர் சீனி வருத்தத்தில் செத்தபோதும் போகவில்லை.

எல்லாம் சரி. ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அப்பா பயந்தால் பயந்துவிட்டுப் போகட்டும், அதற்கு என் சட்டைதானா கிடைத்தது என்று நிஷாந்தனுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனான். அம்மா ஜெகதீஸ்வரி அவனுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்திருந்தாள். கதை மறுபடி தொடங்கியது.

"இஞ்சாருங்கோ, பிள்ளை ஆசைப்பட்டுக் கேக்கிறான். ஒரு கோடு இழுத்து விடுங்கோவன்," என்றாள் அம்மா.

"நீ பேசாமல் இரு. உனக்கும் சேத்துத்தான் நான் பயப்பிடுறன்."

"என்னை ஆர் இப்ப கொண்டுபோகப் போறாங்கள்? அறுபத்திரண்டு வயசிலை."

"அப்பிடிச் சொன்ன எத்தினை பேரைப் பாத்திட்டன்."

நிஷாந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வாய் சாப்பிட்டான். மூன்றாவது வாய் இறங்கவில்லை.

"பதினெட்டு வருசம் அப்பா. ஒரு மாட்ச், ஒரேயொரு மாட்ச் பாக்க வந்தனீங்களோ? வெள்ளைக்காரப் பெடியளின்ர தகப்பன்மார் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போவினம். எனக்கு ஆர் இருந்தது? நான் பல்லு உடைஞ்சு கிடக்கேக்கை நீங்கள் ஆரின்ரையோ மீன்பெட்டியைத் திருத்திக்கொண்டு நிண்டனீங்கள். ஒருநாளும் எட்டிப் பாக்காத ஆள், நான் அடிச்ச கோலை மட்டும் பிடிச்சு வைச்சிருக்கிறியள்."

விஜயரத்தினம் பிசைந்த சோற்றைக் கோப்பையிலேயே போட்டார்.

"நான் உன்னட்டைக் களவெடுத்த மாதிரிச் சொல்லுறாய்," என்றார். எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். கோப்பையில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது.

நிஷாந்தன் காரில் ஏறும்போது அம்மா வாசல்வரை வந்தாள். கதவுக் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அந்த முதல் வருசம் விடிய அஞ்சு மணிக்கு உன்னைப் பயிற்சிக்கு ஏத்தி இறக்கினது ஆர்? நீ முடிச்சு வருமட்டும் வானுக்கைதானே குந்திக்கொண்டு இருக்கிறவர்."

"உள்ளுக்கு வந்திருக்கலாமே அம்மா. உள்ளுக்குக் கதிரையும் கோப்பியும் கிடந்தது."

"உள்ளுக்குப் போறதெண்டால் வாசலிலை கொப்பியிலை பேர் எழுத வேணுமாம். அதுதான் வரேல்லை."

இதைக் கேட்டு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இன்னும் எரிச்சல்தான் வந்தது. ஒரு கொப்பிக்குப் பயந்து ஒரு மனிதன் பெற்ற பிள்ளையின் விளையாட்டைப் பார்க்காமல் இருப்பானா? இது என்ன விசர் என்று ஸ்டியரிங்கில் ஒரு குத்துக் குத்தினான்.

அன்று பின்னேர மாட்சில் அவனுக்கு நல்ல வாய்ப்பு மூன்று கிடைத்தது. மூன்றும் வலைக்கு வெளியே போயின. அதற்கு அடுத்த மாட்சில் எதிரணியின் ஒரு இளம் பெடியன் அவனைக் கரைப் பலகையோடு சேர்த்து நெரித்துவிட்டு, "வீட்டுக்குப் போ தாத்தா," என்றான். நிஷாந்தன் அவன் மட்டையைத் தட்டிவிட்டான். நடுவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்காரவைத்தார். கண்ணாடிக்குள் தனியே இருந்துகொண்டு அண்ணாந்து பார்த்தான். கனடாக்காரனின் சட்டை தூசி பிடித்துத் தொங்கியது. இங்கே இவன் தகப்பன் பெயரால் சாகிறான்.

*

கமிட்டி கூடுகிற வியாழக்கிழமை காலையில் டெரிக் கூப்பிட்டார்.

"உன் அப்பாவின் கடிதம் பதிவுத் தபாலில் வந்திருக்கிறது."

நிஷாந்தனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனிதர் சொல்லாமல் கொள்ளாமல் செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேசியது கூடிப்போய்விட்டதே, போய்க் காலில் விழலாம் என்றுகூட நினைத்தான்.

"ஆனால் ஒரு சிக்கல்," என்று டெரிக் வாசித்துக் காட்டினார்.

ஆங்கிலம்தான். ஆனால் கேட்கும்போதே அதன் அடியில் ஓடிய தமிழ் அவனுக்குக் கேட்டது. ஊரில் காணி எழுதுகிற உறுதிப் பத்திரத்தின் பாஷை. 'இத்தால் சகலரும் அறியத்தக்கதாவது. செல்லத்துரை மகன் விஜயரத்தினமாகிய என் பெயரில் பதிவாகி, இற்றைவரை என் ஆட்சியில் இருந்துவரும் நாற்பத்தொரு கோல்களையும், என் மகன் நிஷாந்தன் மேல் எனக்குள்ள அன்பினாலும் பட்சத்தினாலும் அவருக்கு நன்கொடையாக, மீளப்பெற முடியாதவாறு உரிமை மாற்றிக் கொடுக்கிறேன். இனிமேல் இவற்றில் எனக்கோ என் பின்னுரித்தாளருக்கோ யாதொரு பாத்தியதையும் இல்லை.' கீழே கையெழுத்து, திகதி, இரண்டு சாட்சிகள். கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும்தான் குறை.

"எனக்கு இப்படியொரு கடிதம் ஐம்பது வருடத்தில் வந்ததில்லை," என்றார் டெரிக். "ஆனால் நிஷ், இதில் உன் அப்பா தான் விளையாடவில்லை என்று சொல்லவில்லை. கோல்கள் தன்னுடையவை என்று உறுதிப்படுத்துகிறார். கோலை நன்கொடை கொடுக்க எங்கள் விதியில் இடமில்லை. கமிட்டி அவர் பெயரிலேயே நிலைநிறுத்திவிடும்."

நிஷாந்தன் தங்கச்சி ஆரணிக்குப் போன் அடித்தான். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வீட்டின் ஆங்கிலக் கடிதம் எல்லாம் எழுதுகிறவள் அவள்தான்.

"உனக்கு மூளை இருக்கோ ஆரணி? உதை எழுதிக் குடுத்திருக்கிறாய்."

"அப்பா சொன்னதை அப்பிடியே எழுதுறதுதான் அண்ணா என்ர வேலை. கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். குறைச்சால் அவருக்கு எப்பிடியோ தெரிஞ்சிடும்." பிறகு கொஞ்சம் தணிந்து சொன்னாள். "ரெண்டு நாளா இருந்து யோசிச்சவர். பிழை எண்டு எழுதாமலும் வேணும், உனக்குக் கோல் வரவும் வேணும். ஊரிலை இருக்கிற காணியைக்கூட அவர் இப்பிடி முழுமனசா எழுதேல்லை."

அன்பு என்றால் அன்புதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்த அன்பு கழுத்தைப் பிடித்து நெரித்தால் என்ன செய்வது? அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டான். பின்னேரம் கமிட்டி கூடியது. சட்டை ஏறாது என்று முடிவானது.

*

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். டெரிக் விடவில்லை. ஐம்பதாவது வருடக் கொண்டாட்டத்துக்குப் பழைய வீரர்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். கமிட்டி ஒப்புக்கொண்ட பழைய வீரரை அழைக்காமல் விடுவது மரியாதையில்லை என்று டெரிக் அடுத்த நாளே ஆள்மூலம் ஒரு கடிதத்தை விஜயரத்தினத்தின் வீட்டில் சேர்ப்பித்தார். முத்திரை பொறித்த கடதாசி. சனிக்கிழமை நாலேகால் மணிக்குச் சமூகமளிக்கவும்.

விஜயரத்தினம் தன் வாழ்நாளில் கடிதம் போட்டுக் கூப்பிட்ட எந்த இடத்துக்கும் போகாமல் விட்டதில்லை. நேரம் பிந்தியும் போனதில்லை. ஆரணி எவ்வளவோ சொன்னாளாம், இது விழா அப்பா, விசாரணை இல்லை என்று. அவர் கேட்கவில்லை. நன்கொடை உறுதியைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

சனிக்கிழமை இரண்டரை மணிக்கே வந்துவிட்டார். கல்யாணத்துக்குப் போடுகிற சாம்பல் நிறக் கோட், கழுத்தில் மஃப்ளர், கையில் நீல நிறக் கோப்பு. அந்தக் கோப்பை நிஷாந்தனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். கடவுச்சீட்டுகள், வதிவிடப் பத்திரம், கவுன்சில் வரி பில், எல்லாவற்றிலும் மும்மூன்று பிரதி. வாசல் கொப்பியில் அவர் பெயரைப் பாதி எழுதிவிட்டுப் பேனையை வைத்துவிட்டதாகவும், தான்தான் எழுதி முடித்ததாகவும் அம்மா பிறகு சொன்னாள்.

நிஷாந்தன் உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வெளியே வந்தபோதுதான் அவரைக் கண்டான். பனித்தரையின் நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்து, பழைய வீரர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தோள் அகன்ற ஏழெட்டு வெள்ளைக்காரக் கிழவர்கள். கடைசியில், அவர்களின் நெஞ்சளவு உயரத்தில், கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா. மூன்றாம் வரிசையில் ஆயிரத்தைந்நூறு சனத்துக்கு நடுவே அம்மாவும் ஆரணியும் சுடுதண்ணிப் போத்தலோடு இருந்தார்கள்.

நிஷாந்தனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. தன் கடைசி மாட்ச். இத்தனை வருடம் வராத மனிதர் இன்றைக்கு வந்து நிற்கிறார், அதுவும் தன்னுடைய கோலுக்கு மாலை வாங்க. மட்டையை ஊன்றிக்கொண்டு குழுவினரோடு எதிர் வரிசையில் நின்றான். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

அறிவிப்பாளர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஒலிவாங்கியை நீட்டி, ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தான். நீங்கள் அடித்ததில் மறக்கவே முடியாத கோல் எது? கிழவர்கள் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். கடைசியாக விஜயரத்தினத்திடம் வந்தான்.

"ஒரே பருவம், நாற்பத்தொரு கோல், எங்கள் வரலாற்றிலேயே வயது கூடிய கோல்காரர்." சனம் எழும்பி நின்று கை தட்டியது. "சொல்லுங்கள் ஐயா, மறக்கவே முடியாத கோல் எது?"

விஜயரத்தினம் கோப்பைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து நீட்டினார். சனம் சிரித்தது. நல்ல பகிடி என்று நினைத்துவிட்டார்கள். அறிவிப்பாளனும் சிரித்துவிட்டு, கேள்வியை மறுபடி, உரக்க, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டான்.

ஒரு கேள்வியை இரண்டாம்தரம் கேட்டால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று அந்த மண்டபத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். அவர் கோப்புக்குள் விரலை விட்டு அடுத்த பத்திரத்தைத் தேடுவதை நிஷாந்தன் அவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டான். எதையாவது சொல்லுங்கோ அப்பா என்று மனதுக்குள் கத்தினான். எந்தப் பொய்யையாவது சொல்லிவிட்டு இறங்குங்கோ.

விஜயரத்தினம் எதிர் வரிசையைப் பார்த்தார். எல்லாரும் ஒரே நிறச் சட்டை, ஒரே தலைக்கவசம். ஒவ்வொரு இலக்கமாகத் தேடிப் பத்தொன்பதில் வந்து நின்றார். பிறகு ஒலிவாங்கிக்குக் குனிந்தார்.

"நான் கோல் அடிக்கவில்லை," என்றார் தன் உடைந்த ஆங்கிலத்தில். "நான் விளையாடவில்லை. என் மகன் விளையாடினான். படிவத்தில் நான் என் பெயரை எழுதிவிட்டேன். பிழை என்னுடையது."

டெரிக் நேரக் கணிப்பாளர் பெட்டியிலிருந்து, வழுக்கி விழாத குறையாக, ஒரு கடதாசிப் பலகையோடு ஓடி வந்தார். எழுத்தில் வேண்டும், எழுத்தில் இருந்தால்தான் கமிட்டி ஒப்புக்கொள்ளும் என்று மூச்சு வாங்கினார். விஜயரத்தினம் கண்ணாடியை மாட்டி முழுவதையும் வாசித்தார். கையெழுத்து வைத்தார். திகதியும் போட்டார்.

"அடுத்த கூட்டம் செப்டெம்பரில்தான், நிஷ்," என்று டெரிக் இவன் பக்கம் திரும்பிக் கத்தினார். "இன்றைக்குச் சட்டை ஏறாது. மன்னித்துக்கொள்."

செப்டெம்பரில் நிஷாந்தன் இங்கே வேலையில் இருக்க மாட்டான். இதுவும் இப்படித்தான் முடிய வேண்டுமா என்று நினைத்தான். அதற்குள் பக்கத்தில் நின்ற காப்டன் மட்டையால் பனித்தரையைத் தட்டத் தொடங்கினான். ஹொக்கிக்காரர்கள் கை தட்டுவது அப்படித்தான். இருபது மட்டைகள் ஒன்றாகத் தட்டின. விஜயரத்தினம் அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டுக் கோப்பை இறுக்கிப் பிடித்தார்.

நிஷாந்தன் வரிசையை விட்டு விலகி, கம்பளம்வரை சறுக்கிப் போனான். சனத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு குனிந்தான்.

அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை. கடவுச்சீட்டு இன்னும் கையில் விரிந்தபடி இருந்தது.

"தம்பி," என்றார், "இனி என்னை எங்கை கூட்டிக்கொண்டு போவாங்கள்?"

நிஷாந்தன் பதினெட்டு வருடக் கோபத்தை எங்கே வைத்தான் என்று தேடிப் பார்த்தான். அகப்படவில்லை.

"ஒரு இடமும் இல்லையப்பா. மூண்டாம் வரிசையிலை அம்மாவுக்குப் பக்கத்திலை உங்கட கதிரை கிடக்கு. போய் இருந்து மாட்சைப் பாருங்கோ."

"அங்கை போகவும் பேர் கேப்பாங்களோ?"

நிஷாந்தன் கடவுச்சீட்டை வாங்கி மூடி, கோப்புக்குள் வைத்து, கோப்பை அவர் கையிலேயே கொடுத்தான்.

"கேட்டால் என்ர பேரைச் சொல்லுங்கோ. நீங்கள் என்ர ஆள் எண்டு சொல்லுங்கோ, அதுவே காணும்."